மலையிலிருந்து வந்த மருமகள்

போன சித்திரையில் ஒரு நாள் உச்சி வேளை. அந்த நேரத்தில் எங்கள் கணியூர்த் தெருவில் காக்கை கூடப் பறக்காது. ஆற்றங்கரை ஊர், சுற்றிலும் தென்னந்தோப்பு, உங்களுக்கென்ன குறை என்று வெளியூர்ச் சகோதரிகள் எழுதுகிறீர்கள். வாஸ்தவம்தான். வாய்க்காலில் அமராவதித் தண்ணீர் ஓடுகிற மாதங்களில் எங்கள் ஊருக்கு ஈடு ஏது? ஆனால் சித்திரை சித்திரைதானே! சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சற்றுத் தலை சாய்க்கலாம் என்று பாயை விரித்தேன். எதிர் வீட்டு மருமகள் முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு, வெறுங்காலோடு தெருவைத் தாண்டி ஓடி வந்தாள்.

"அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க்கா."

முந்தானைக்குள் இருந்தது ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதில் சாம்பல் பூத்த பச்சை நிறத்தில், புல்லைப் போல ஒடுங்கிய இலைகளோடு ஒரு சிறு புதர். பாதி மஞ்சளாகிவிட்டது, மீதி தொங்கிப்போய்க் கிடந்தது. குனிந்து கழுத்துப் பக்கத்தை விரலால் தொட்டேன். ஒரு கிளை கையோடு வந்துவிட்டது. அடி பழுப்பேறி, ஊறிப்போன நார் போல இருந்தது.

"இது போச்சு அம்மணி. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது வேறே ஒன்று வாங்கிக்கொண்டு வந்துவிடேன்" என்றேன். வாய் தவறிச் சொன்ன வார்த்தைதான். அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் நினைவுக்கு வந்தது. அவள் பிறந்த வீடு கொடைக்கானல் பக்கம். அவளுடைய அம்மா அந்தத் தையில்தான் காலமாகியிருந்தார். வீட்டை அண்ணன் இடித்து, வருகிற சுற்றுலாக்காரர்களுக்கு அறைகள் கட்டுகிறார். அம்மா வாசலில் இருபது வருஷமாக வளர்த்த செடிகள் கல்லோடும் மண்ணோடும் போய்விட்டன. இடிப்பதற்கு முந்தின நாள் இவள் வேரோடு கிளப்பி எடுத்து வந்தது இந்த ஒரு புதர்தான். வேறே வாங்கிக்கொள் என்றால் எங்கே வாங்குவாள்?

ஆகவே சகோதரிகளே, இந்த வாரம் அந்தச் செடியின் கதையைத்தான் சொல்லப் போகிறேன். உங்களில் எத்தனையோ பேர் கோடை விடுமுறைக்கு ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய், மலர்க் கண்காட்சியைப் பார்த்துவிட்டு, ஆசை ஆசையாக ஒரு தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு மலை இறங்குகிறீர்கள். ஒரு மாதத்தில் அது செத்துப்போகிறது. "எங்கள் ஊர் வெயிலுக்கு ஆகாது" என்று வெயில் மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த வருஷம் இன்னொன்று வாங்குகிறீர்கள். மலைச் செடி சாவதற்கு வெயில் பாதிக் காரணம். மற்றப் பாதி நம்முடைய அன்பு!

முதலில் செடி இன்னதென்று சொல்லிவிடுகிறேன். இதற்கு டயாந்தஸ் என்று பெயர். கிரேக்க மொழியில் 'தெய்வப் பூ' என்று அர்த்தமாம். முன்னூறு வகை இருக்கிறது. கல்யாண வரவேற்பில் பூச்செண்டில் வைக்கிற கார்னேஷன் இந்தக் குடும்பத்தின் பணக்காரப் பிள்ளை. நீலகிரியில் பாலிதீன் கூடாரங்களுக்குள் அதைச் சீராட்டி வளர்த்து நகரங்களுக்கு அனுப்புகிறார்கள். நம் கதையின் செடி அந்தக் குடும்பத்தின் ஏழைச் சொந்தம். சாண் உயரம், கிராம்பு வாசனை, ஒற்றை அடுக்குப் பூ, ஓரமெல்லாம் ரம்பப் பல் போல வெட்டு. இதன் உறவுக்காரர்களில் சில ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலையின் பாறை இடுக்குகளில் தாமாகவே முளைத்துப் பூக்கின்றன.

ஆங்கிலத்தில் இந்தப் பூவுக்குப் பிங்க் என்றே பெயர். ரோஜா நிறத்தைப் பிங்க் என்கிறோமே, அந்த நிறத்துக்கே இந்தப் பூவிலிருந்துதான் பெயர் வந்தது. துணியின் ஓரம் பிரியாமல் இருக்கப் பல் பல்லாக வெட்டுகிற கத்திரி ஒன்று உண்டல்லவா? திருப்பூர் பக்கத்துச் சகோதரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிங்கிங் கத்திரி என்று பெயர். அப்படி வெட்டியது போன்ற ஓரம் இருப்பதால்தான் பூவுக்கு அந்தப் பெயர் வந்தது என்பாரும் உண்டு. தையல் மிஷினும் பனியனுமாக இருக்கிற நம் சீமைக்குப் பொருத்தமான பூதான், போங்கள்!

சரி, விசாரணைக்கு வருவோம். செடியை என்ன செய்தாய் என்று கேட்டேன். ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

அம்மா வீட்டு மண் கொஞ்சம்தான் வேரோடு வந்ததாம். ஆகவே தொட்டி நிறையத் தென்னைநார்க் கழிவைப் போட்டு நட்டாளாம். உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் அதற்கா பஞ்சம்? தெருவுக்குத் தெரு கிடைக்கும். கனமில்லாமல் இருக்கும், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று இப்போது எல்லா நர்சரிகளிலும் அதில்தான் செடி வைக்கிறார்கள். வெயில் அதிகம் என்று காலையிலும் மாலையிலும் தண்ணீர் விட்டாளாம். நடுவில் செடி வாடினாற்போல் தெரிந்தால் மத்தியானமும் ஒரு சொம்பு. அரிசி கழுவிய கழுநீர் சத்து என்று யாரோ சொல்ல, அதுவும் தினம் ஒரு முறை. சுத்தமான தண்ணீரில் மிச்சம் என்று, குடிநீர் சுத்திகரிக்கிற ஆர்.ஓ. மிஷினிலிருந்து குழாய் வழியே வெளியே போகிற தண்ணீரையும் பிடித்து ஊற்றினாளாம். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று தொட்டியை மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரோரம் வைத்தாளாம்.

கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கைக்குழந்தைக்குச் செய்வதுபோல எல்லாம் செய்திருக்கிறாள்!

இந்தச் செடியின் பிறந்த வீட்டை ஒரு கணம் மனத்தில் நினைத்துப் பாருங்கள். மலைச்சரிவு, பாறை, பாறையில் ஒரு வெடிப்பு. மழை பெய்கிறது, ஆனால் பெய்த தண்ணீர் ஒரு நிமிஷம் நிற்பதில்லை, வழிந்து ஓடிவிடுகிறது. வேர் வெடிப்புக்குள் ஆழமாக இறங்கி அங்கே இருக்கிற ஈரத்தைத் தேடிக் குடிக்கிறது. கழுத்தோ கல்லின் மேல் காய்ந்து கிடக்கிறது. கால் ஈரம், கழுத்து உலர்வு. இதுதான் இதன் ஜாதகம். நாம் என்ன செய்கிறோம்? நார்க் கழிவில் நட்டுக் கழுத்தைச் சுற்றி ஈரப் பஞ்சைச் சுற்றி வைக்கிறோம். கழுநீரின் கஞ்சி மேலே படிந்து காற்றுப் போகாமல் அடைக்கிறது. கழுத்து அழுகுகிறது. அழுகின தண்டு வழியாகத் தண்ணீர் மேலே ஏறாது. ஆகவே செடி வாடுகிறது. வாடுகிறதே என்று நாம் இன்னும் ஒரு சொம்பு ஊற்றுகிறோம்!

தண்ணீர் இல்லாமல் வாடுகிற செடிக்கும், தண்ணீர் மிகுந்து வாடுகிற செடிக்கும் முகத்தில் வித்தியாசம் தெரியாது. இது ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும், பாதிச் செடி பிழைக்கும். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தும் செடி வாடியிருந்தால் சொம்பைக் கீழே வையுங்கள்.

அடி அழுகிவிட்ட செடியைக் காப்பாற்ற மருந்து இல்லை. ஆனால் நுனி உயிரோடு இருக்கிற வரையில் செடியின் வம்சத்தைக் காப்பாற்றலாம். அன்று மத்தியானம் நாங்கள் செய்தது அதைத்தான். இதில் நறுக்குவதை விட உருவுவது நல்லது. பூ விடாத இளங்கிளையாகப் பார்த்து, நுனியிலிருந்து நாலைந்து ஜோடி இலை தள்ளி ஒரு கணுவை இடக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். வலக் கையால் நுனியை மெல்ல மேலே இழுங்கள். புல்லில் குருத்தை உருவுகிறோமே, அது போல 'டப்' என்று கணுவிலிருந்து சுத்தமாகக் கழன்று வரும். அடி இலைகளை இரண்டு ஜோடி கிள்ளிவிடுங்கள். அவ்வளவுதான்.

உயிருள்ள நுனிகள் ஒன்பதுதான் தேறின. அவளுக்குக் கை நடுங்கியது, நான்தான் உருவினேன். வீடு கட்டினபோது சலித்து எஞ்சிய பருமணல் ஒரு மூலையில் கிடந்தது. அதைக் கழுவி, ஒரு மண் சட்டியில் நிரப்பி, நனைத்து, நீர் வடிந்த பின் ஒன்பதையும் விளிம்போரமாக நட்டோம். உரம் கிடையாது, எரு கிடையாது. வேரில்லாத குழந்தைக்கு விருந்து எதற்கு?

எங்கே வைப்பது? மார்கழியாக இருந்தால் கவலையில்லை. இது சித்திரை! யோசித்துப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே, வடக்குப் பார்த்த மேடையில், இரண்டு பெரிய மண் பானைகளில் தண்ணீர் நிரப்பி அவற்றுக்கு நடுவில் சட்டியை வைத்தேன். பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? மண்ணின் நுண்ணிய துளை வழியே நீர் கசிந்து ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. பானைக்குக் குளிர்ச்சி கொடுக்கிற அதே காற்று, பக்கத்தில் இருக்கிற செடிக்கும் கொஞ்சம் கொடுக்கட்டுமே!

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. மலைச் செடிக்கு நம் ஊரில் பகலை விட இரவுதான் எமன். கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 2,100 மீட்டர். சித்திரை வைகாசியிலும் அங்கே இரவில் 12, 13 டிகிரிக்கு இறங்கிவிடும். நமக்கோ இரவிலும் 25, 26. பகலில் செடி வெயிலை வைத்துக்கொண்டு தனக்கு வேண்டிய மாவையும் சர்க்கரையையும் சம்பாதிக்கிறது. இரவில் மூச்சு விடுவதற்கு அதில் கொஞ்சம் செலவழிக்கிறது. இரவு எவ்வளவு புழுக்கமோ அவ்வளவு செலவு. பகல் சம்பாத்தியமெல்லாம் இரவிலேயே தீர்ந்துபோனால் குடும்பம் எப்படி நடக்கும்? அதனால்தான் மொட்டை மாடி கூடாது என்கிறேன். பகலெல்லாம் வாங்கிய சூட்டைக் கான்கிரீட் இரவெல்லாம் திருப்பித் தருகிறது. தொட்டியைத் தரையில், கிழக்கு வெயில் பத்து மணி வரையில் படுகிற இடத்தில் வையுங்கள். சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் விடாமல், செடியைச் சுற்றியுள்ள தரைக்குத் தெளியுங்கள். வாசல் தெளிக்கிற கைக்கு இது கஷ்டமா? பிளாஸ்டிக் தொட்டியை மாற்றி மண் தொட்டியாக்குங்கள். கோடையில் இந்த மூன்று காரியமும் எந்த மருந்தையும் விட மேல்.

ஒன்பதில் மூன்றாம் நாள் இரண்டு கறுத்தன. அடுத்த வாரம் மூன்று. தினம் காலையில் அவள் வந்து, சட்டியைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போவாள். அவள் மாமியார் ஒரு நாள் என் வீட்டு வாசலிலேயே கேட்டுவிட்டார்: "ஏம்மணி, தலையில வெக்க முடியாத பூவுக்கு இத்தனை பாடா? ஒரு மல்லிகைப் பதியம் வெச்சா ஊரே மணக்கும்." அவர் சொன்னதில் தப்பில்லை. டயாந்தஸைத் தொடுக்கவும் முடியாது, சூடவும் முடியாது. நான் பதில் சொல்லாமல் காபி கொடுத்து அனுப்பினேன்.

இந்த இடத்தில் தூர தேசத்துச் சமாசாரம் ஒன்று. அமெரிக்காவில் ஆனா ஜார்விஸ் என்று ஒரு பெண்மணி. அவருடைய தாயார் 1905இல் காலமானார். மூன்று வருஷம் கழித்து, 1908 மே 10ஆம் தேதி, தாயார் பாடம் சொல்லிக்கொடுத்த மாதா கோயிலுக்கு ஐந்நூறு வெள்ளைக் கார்னேஷன் பூக்களை அனுப்பி வைத்தார். தாயாருக்குப் பிடித்த பூ அது. இன்று உலகமெங்கும் மே மாதத்தில் கொண்டாடுகிற அன்னையர் தினம் அப்படித்தான் ஆரம்பித்தது. பிற்பாடு கடைக்காரர்கள் அதை வியாபாரமாக்கிவிட்டார்கள் என்று அந்த அம்மாளே கோபித்துக்கொண்டு கடைசி வரையில் அதை எதிர்த்துச் சண்டை போட்டார் என்பது வேறு கதை. இதை எதிர் வீட்டுப் பெண்ணிடம் சொல்லவில்லை. மாமியாரிடம்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டு பேசாமல் போனார்.

நாலாவது வாரம். மிச்சம் இருந்த நாலில் ஒன்றை மெல்ல இழுத்துப் பார்த்தேன். வரவில்லை! வேர் பிடித்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். நுனியிலும் பச்சை விட்டிருந்தது. நாலில் மூன்று பிழைத்தன.

இனி மண். பலர் தவறுவது இங்கேதான். நான் கலந்தது இரண்டு பங்கு செம்மண், இரண்டு பங்கு பருமணல், ஒரு பங்கு நன்றாக மக்கின தொழு உரம், ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் பரவலாக்கிய டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சைப் பொடி வேளாண்மை டெப்போக்களில் கிடைக்கிறது. அதில் ஒரு தேக்கரண்டியைத் தொழு உரத்தோடு பிசறிக்கொண்டால், வேரை அழுகவைக்கிற கெட்ட பூஞ்சையை இந்த நல்ல பூஞ்சை அடக்கும். முன்பு அழுகின தொட்டி மண்ணை மட்டும் தயவுசெய்து மறுபடி உபயோகிக்காதீர்கள். நட்ட பிறகு கழுத்தைச் சுற்றிக் கூழாங்கல்லோ சின்ன ஜல்லியோ ஒரு விரல் கனத்துக்குப் பரப்பிவிடுங்கள். மலைப் பாறைக்குப் பதில் நம் ஜல்லி. கழுத்து உலர்ந்தே இருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் கணியூருக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். மண்ணைத் தோண்டினால் சுக்கான் கல் வரும். இந்தச் சுண்ணாம்பு மலைச் செடிகள் பலவற்றுக்கு ஆகாது. கொடைக்கானலில் நீல நீலமாகப் பந்து போலப் பூக்கிறதே ஹைட்ரேஞ்சியா, அதை இங்கே கொண்டுவந்தால் ஒரே மாதத்தில் இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மலையில் புளிப்பு மண். அதில் கரைகிற அலுமினியம்தான் அந்த நீலம். சுண்ணாம்பு மண்ணில் அலுமினியமும் கரையாது, இரும்பும் கிடைக்காது. பூத்தாலும் ரோஜா நிறமாகவே பூக்கும். ஆகவே அதை மலையிலேயே பார்த்து ரசித்துவிட்டு வந்துவிடுங்கள். ஆனால் டயாந்தஸ் அப்படியல்ல. அதன் உறவுக்காரர்கள் பலர் சுண்ணாம்புப் பாறையிலேயே பிறந்தவர்கள். அதற்கு எங்கள் தண்ணீர் தாய்வீட்டுத் தண்ணீர் மாதிரி!

ஆனால் சுண்ணாம்பு வேறு, உப்பு வேறு. நம் பக்கத்தில் இரண்டையும் 'உப்புத் தண்ணி' என்றே சொல்லிவிடுகிறோம். அதில்தான் மோசம் போகிறோம். திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி, நான் முன்பு எழுதியதைப் படித்துவிட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை விட்டதில் இலை நுனியெல்லாம் தீய்ந்து, தொட்டி விளிம்பில் உப்புப் பூத்துவிட்டது என்று எழுதியிருந்தார். நொய்யல் கரையில் நிலத்தடி நீருக்கு நேர்ந்த கதி உங்களுக்குத் தெரியும். கழிவை முற்றிலும் சுத்தம் செய்யாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனாலும் மண்ணுக்குள் இறங்கிய உப்பு உத்தரவுக்குக் கட்டுப்பட்டு உடனே வெளியேறிவிடுமா? வாயில் விட்டால் கரிக்கிற தண்ணீரைச் செடிக்கு விட வேண்டாம். குடிக்க வருகிற நல்ல தண்ணீரோ, பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ விடுங்கள். பதினைந்து நாளைக்கு ஒரு முறை அடித் துளை வழியாகத் தாராளமாக வடிகிற மாதிரி ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். ஆர்.ஓ. மிஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரில் அது பிரித்த உப்பெல்லாம் சேர்ந்திருக்கிறது. பாத்திரம் கழுவலாம், தரை துடைக்கலாம். தொட்டிக்கு ஆகவே ஆகாது. ஏர்-கண்டிஷன் மிஷினில் சொட்டுகிற தண்ணீர் இருக்கிறதே, அதில் உப்பில்லை, அதை விடலாம்.

ஆனியும் ஆடியும் வந்தன. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்பதைக் குடிமங்கலம், பூளவாடிப் பக்கம் காற்றாலைகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள். மூன்று செடிகளும் படுத்துவிட்டன. குச்சி நட்டுக் கட்ட வேண்டும். சணல் கயிறு தண்டை அறுக்கும். திருப்பூரில் எடைக்கு விற்கிற பனியன் வேஸ்ட் துணியைப் போல இதற்கு ஏற்ற பொருள் உலகத்திலேயே கிடையாது. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், தண்டை உறுத்தாது. விரல் அகலத்துக்குக் கிழித்து எட்டு மாதிரி சுற்றித் தளரக் கட்டினோம். காற்றில் ஈரம் போய், இலையின் அடியில் சிவப்புச் சிலந்தி வேறு வந்தது. ஊசி முனை அளவு பூச்சி, நுண்ணிய வலை, இலை தூசு படிந்தாற்போல மங்கும். மருந்தடிக்கு முன்னால் மூன்று நாள் காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சுங்கள். பெரும்பாலும் அதிலேயே போகும். போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், சாயங்கால வேளையில். இவ்வளவும் செய்தும் ஒரு செடி தேறவில்லை. இரண்டு நின்றன.

ஐப்பசி மழையில் அவற்றைத் தாழ்வாரத்துக்கு அடியில் நகர்த்திவிட்டோம். மழை விட்டுக் குளிர் தொடங்கியதும் செடிகளுக்குப் பிறந்த வீட்டு நினைவு வந்துவிட்டது போலும்! பக்கக் கிளைகள் புறப்பட்டன. அப்போது நுனியைக் கிள்ளிவிட வேண்டும்; ஒன்று நாலாகும். யூரியா போடாதீர்கள், இலைதான் கொழுக்கும். வெந்நீர் அடுப்பில் எரிந்த தென்னை மட்டைச் சாம்பல் ஒரு தேக்கரண்டி, மாதம் ஒரு முறை, கழுத்தில் படாமல் ஓரத்தில். அது போதும்.

தை பிறந்து இரண்டாம் வாரம் முதல் மொட்டு விரிந்தது. வெளிர் சிவப்பு, நடுவில் கருஞ்சிவப்பு வளையம். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் குந்தியிருந்தாள். நான் உள்ளே வேலையிருப்பதுபோல் போய்விட்டேன். அன்று அவள் அம்மாவுக்கு வருஷத் திதி நெருங்கிக்கொண்டிருந்தது. திதியன்று காலையில் போனபோது, கூடத்தில் அம்மாவின் படத்துக்கு மல்லிகைச் சரம். படத்துக்கு முன்னால் ஒரு சின்னத் தம்ளரில் தண்ணீர் விட்டு, நாலு டயாந்தஸ். வைத்தது யார் என்று கேட்டேன். "அத்தைங்க" என்றாள்.

வாடின பூவை முதல் ஜோடி இலை வரையில் காம்போடு கத்தரித்துவிட வேண்டும் என்று அந்த அத்தைக்கும் இப்போது தெரியும். கத்தரித்தால் மாசி வரையில் பூக்கும். மாசியிலேயே பதியனும் போட்டுவிட வேண்டும். சித்திரைக்குக் காத்திருந்து எங்களைப் போல் ஒன்பதுக்கு மூன்று என்று சூதாட வேண்டாம். தரையோடு படிந்த கிளையாகப் பார்த்து, ஒரு கணுவுக்கு அடியில் பாதித் தண்டு வரையில் சாய்வாகக் கீறி, அந்த இடத்தை மணலில் அழுத்தி, நாம் கொண்டையில் செருகுகிற ஹேர்பின் ஒன்றால் குத்தி நிறுத்துங்கள். தாய்ச்செடியின் பாலைக் குடித்துக்கொண்டே வேர் விடும். ஆறு வாரத்தில் வெட்டித் தனித் தொட்டியில் வைக்கலாம். இந்த வழியில் எங்களுக்கு ஒன்று கூடத் தப்பவில்லை. இப்போது ஏழு தொட்டி.

இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம், பூ மட்டும் போதும் என்கிறவர்கள் சைனா டயாந்தஸ் விதையாக வாங்கிப் புரட்டாசி கடைசியில் விதையுங்கள். மேலே மெல்லியதாக மணல் தூவினால் போதும். பத்து நாளில் முளைக்கும், மார்கழி தையில் பூக்கும். வாசனை அவ்வளவு இராது. கோடையில் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்ச் சகோதரிகளுக்கும் நான் அதையே சொல்வேன். உங்கள் ஊர் இரவுப் புழுக்கத்தில் பழைய மலைச் செடியை ஆடி வரையில் இழுத்துப் பிடிப்பது மிகவும் கஷ்டம். ஒளித்துச் சொல்லி என்ன பிரயோஜனம்?

இந்தப் பங்குனியில் எதிர் வீட்டுப் பெண் பிறந்த ஊருக்குப் போனாள். அண்ணன் கட்டின புது வீட்டு வாசலில், படிக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் மண் விட்டிருக்கிறாராம். ஏழில் இரண்டு தொட்டி அவளோடு மலை ஏறின. பஸ்ஸில் கொண்டுபோகிற தொட்டிக்கு முந்தின நாள் காலையில் தண்ணீர் விட்டுப் புறப்படுகிற அன்று விடாமல் இருக்க வேண்டும். மண் இறுகி நிற்கும். ஜல்லியின் மேல் பனியன் துணியைச் சுற்றித் தொட்டி விளிம்போடு கட்டிவிட்டேன். பழனி தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் எப்படிச் சாய்ந்தாலும் ஒரு மணி மண் கூடச் சிந்தவில்லை என்று போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாள்.